தொப்பைக் கொழுப்பின் அழற்சியைத் தணிக்கும் உணவு முறையை வீட்டில் அமைப்பது எப்படி?

உடல் பருமன் உள்ளவர்களில் பலருக்கு, காய்ச்சலோ வலியோ வீக்கமோ வெளியே தெரியாமல், ஒரு மெல்லிய அழற்சி உடலுக்குள் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. பருமன் நீரிழிவுக்கும் கல்லீரல் கொழுப்பு நோய்க்கும் மாரடைப்புக்கும் இட்டுச்செல்லும் பாதைகளில் இந்த அழற்சி முக்கியமானது. இதைத் தணிப்பதாகச் சொல்லி ஆன்டிஆக்ஸிடன்ட் என்னும், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் அடங்கிய மாத்திரைகளும் பொடிகளும் சாறுகளும் கடைதோறும் விற்கப்படுகின்றன. அவற்றில் எதையும் வாங்காமல், அன்றாடச் சமையலைக் கொண்டே அந்த அழற்சியையும் அதனுடன் சேர்ந்து வரும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தையும் குறைப்பதற்கான வழியை இங்கே விளக்குகிறேன். எரிகிறதை இழுத்தால் கொதிக்கிறது அடங்கும் என்பார்கள். இங்கே எரிவது, கொழுப்புத் திசுவின் மீது வேளைதோறும் ஏற்றப்படும் சுமை. அதைக் குறைக்காமல் ஆன்டிஆக்ஸிடன்டுகளை மட்டும் கூட்டிக்கொண்டே போவதால் பயனில்லை என்பதைக் கடந்த 30 ஆண்டுகளில் நடந்த பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கொழுப்புத் திசுவில் நடப்பது என்ன?

வழிமுறைக்குச் செல்லும் முன் காரணத்தைப் புரிந்துகொள்வது நல்லது. புரிந்துகொண்டவருக்கு எந்த விளம்பரத்தை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்பது தானாகவே விளங்கிவிடும். கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு என்ற எண்ணம் 1990-களில் மாறியது. பருத்த எலிகளின் கொழுப்புத் திசு டி.என்.எஃப்.-ஆல்ஃபா என்னும் அழற்சிப் புரதத்தைச் சுரக்கிறது என்றும், அது இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது என்றும் 1993-இல் அமெரிக்காவில் ஹாத்தமிஸ்லிகில், ஸ்பீகல்மேன் ஆகியோர் காட்டினார்கள். அடுத்த ஆண்டே, பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டின் என்னும் ஹார்மோன் கொழுப்புத் திசுவிலிருந்து வருவது கண்டறியப்பட்டது. கொழுப்பு செல் தன் கொள்ளளவைத் தாண்டி வீங்கும்போது அதற்குப் போதிய ஆக்சிஜன் கிடைப்பதில்லை. சில செல்கள் மடிகின்றன. மடிந்த செல்லைச் சூழ்ந்துகொள்ள மேக்ரோஃபேஜ் எனப்படும் நோய் எதிர்ப்பு செல்கள் கூட்டமாக வந்து தங்குகின்றன என்பது 2003-இல் தெரியவந்தது. இவை டி.என்.எஃப்.-ஆல்ஃபாவையும் இன்டர்லூகின்-6 என்னும் புரதத்தையும் இரத்தத்தில் விடுகின்றன. இன்டர்லூகின்-6 கல்லீரலை அடைந்ததும், கல்லீரல் சி-ரியாக்டிவ் புரோட்டீனை, அதாவது ஆய்வகச் சீட்டில் சி.ஆர்.பி. என்று அச்சிடப்படுவதை, கூடுதலாக உற்பத்தி செய்கிறது. அழற்சியைத் தணிக்கும் இயல்புடைய அடிபோனெக்டின் என்னும் ஹார்மோனோ, கொழுப்பு கூடக் கூடக் குறைந்துகொண்டே போகிறது.

ஆக்சிஜனேற்ற அழுத்தம் இதன் மறுபக்கம். செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவைக்கு மிஞ்சிக் குளுக்கோஸும் கொழுப்பு அமிலமும் வந்து சேரும்போது, எலக்ட்ரான்கள் வழிதவறி ஆக்சிஜனுடன் சேர்ந்து சூப்பர்ஆக்சைடு முதலிய வீரியமிக்க மூலக்கூறுகளாகின்றன. இவற்றை அடக்க உடலிடம் சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதிகள் உண்டு. உற்பத்தி இவற்றின் திறனை மிஞ்சும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம். மிஞ்சிய மூலக்கூறுகள் செல்லின் அழற்சி மரபணுக்களைத் தூண்டுகின்றன. அழற்சியால் வந்த மேக்ரோஃபேஜ்கள் அதே மூலக்கூறுகளை மேலும் உண்டாக்குகின்றன. இப்படி ஒன்று மற்றொன்றை வளர்ப்பதால், இரண்டில் ஒன்றை மட்டும் மாத்திரையால் அடக்க முயல்வது எடுபடுவதில்லை.

கொழுப்பின் அளவைவிட அது சேர்ந்த வழியும் இருக்கும் இடமும் முக்கியம் என்பதற்கு 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு நல்ல சான்று. பருமனான 15 பெண்களின் வயிற்றுத் தோலடிக் கொழுப்பில் ஏறத்தாழ 10 கிலோவை உறிஞ்சி அகற்றிவிட்டு, சில வாரங்கள் கழித்துச் சோதித்தார்கள். இன்சுலினின் செயல்திறனும் மாறவில்லை, சி.ஆர்.பி.யும் குறையவில்லை. இதற்கு நேர்மாறாக, இத்தாலியில் பருமனான 120 பெண்களை வைத்து 2003-இல் வெளியான ஆய்வில், ஒரு குழுவினர் இரண்டு ஆண்டுகள் காய்கறி, பழம், முழுத் தானியம், கொட்டைகள், ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றைக் கூட்டியும் மொத்த உணவாற்றலைக் குறைத்தும் உண்டு, நடையையும் கூட்டினார்கள். அவர்களுடைய எடையுடன் இன்டர்லூகின்-6, சி.ஆர்.பி. ஆகிய இரண்டும் குறைந்தன, அடிபோனெக்டின் உயர்ந்தது. கொழுப்பை வெளியே எடுப்பதால் கிடைக்காத பலன், செல்களின் சுமையை உணவின் வழியே இறக்கியபோது கிடைத்தது.

தொடங்கும் முன்

இன்சுலின் ஊசி போடுபவர்களும், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளை உட்கொள்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றின் அளவைக் குறைக்கக் கூடாது. மருந்தின் அளவு பழையபடியே இருக்க உணவு குறைந்தால், இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்குக் கீரை, பழம், பயறு ஆகியவற்றிலுள்ள பொட்டாசியம் தீங்காகலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டினால், அதிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் செயலைக் குறைத்துவிடும். கர்ப்பிணிகளுக்கு எடைக் குறைப்பு உணவு பொருந்தாது. இந்த நான்கு வகையினரும் கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மருத்துவரிடம் காட்டிய பிறகே பின்பற்ற வேண்டும்.

மற்றவர்கள் முதலில் இடுப்பை அளக்க வேண்டும். விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில், டேப்பை இறுக்காமல் வைத்து அளந்தால், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. இந்தியர்களுக்கு பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்பதைக் காட்டும் எண், 23-ஐத் தாண்டினாலே எடை கூடுதல், 25-ஐத் தாண்டினால் பருமன் என்று கொள்வதற்குக் காரணம், மேலை நாட்டினரைக் காட்டிலும் குறைந்த எடையிலேயே நமக்கு வயிற்று உள்ளுறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்துவிடுவதுதான். அந்தக் கொழுப்பிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்களில் ஒரு பகுதி போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குச் செல்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேரின் பி.எம்.ஐ. 25 அல்லது அதற்கு மேல் இருந்தது. ஆண்களில் 37 பேர். ஆகவே இது யாரோ சிலருடைய சிக்கல் அன்று.

இரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி., இரத்தக் கொழுப்பு வகைகளான ட்ரைகிளிசரைடு, ஹெச்.டி.எல்., கல்லீரல் நொதிகள் ஆகியவற்றுடன், இயலுமானால் நுண்ணுணர் சி.ஆர்.பி. என்னும் ஹெச்.எஸ். சி.ஆர்.பி.யையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் இதயநோய் அபாயம் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் கூடுதல். சளி, காய்ச்சல், பல் வலி இருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. 10-ஐத் தாண்டினால் வேறு தொற்றோ அழற்சியோ இருக்கிறது என்று கருதி, இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை அளப்பதாகச் சொல்லி விற்கப்படும் விலையுயர்ந்த சோதனைகள் வீட்டுப் பயன்பாட்டுக்குத் தேவையில்லை. அவற்றின் முடிவை வைத்து நீங்கள் செய்யப்போவதும் இதே உணவு மாற்றம்தான்.

சோற்றுச் சுற்றுகளைக் குறைப்பது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஐ.சி.எம்.ஆர்.-இன்டியாப் நீரிழிவு ஆய்வின் 2025-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியர்கள் தம் உணவாற்றலில் ஏறத்தாழ 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்தே பெறுகிறார்கள். தமிழர் மதிய உணவில் இது நடக்கும் விதம் எல்லோருக்கும் தெரிந்ததே: சாம்பாருக்கு ஒரு முறை சோறு, ரசத்துக்கு மறுமுறை, மோருக்கு மூன்றாம் முறை. குழம்பு மாறுகிறதே தவிர, வயிற்றுக்குள் போவது மூன்று சுற்றுச் சோறு. தீட்டிய அரிசிச் சோறு விரைவில் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் ஏறுகிறது. உண்ட பின் குளுக்கோஸ் செங்குத்தாக ஏறும் நேரத்தில் இரத்த வெள்ளணுக்கள் வீரிய ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கூடுதலாக உற்பத்தி செய்கின்றன என்பது 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்கச் செய்து நடத்திய ஆய்வில் 2000-ஆம் ஆண்டிலேயே தெரிந்தது. அன்றாடம் மூன்று வேளையும் இந்த ஏற்றம் நிகழும்போது, கீரையும் நெல்லிக்காயும் எவ்வளவு சேர்த்தாலும் அவை பின்னாலேயே ஓட வேண்டியிருக்கும். ஆகவே என் பரிந்துரையில் முதலிடம் சோற்றின் அளவுக்குத்தான். ஆன்டிஆக்ஸிடன்டுகள் அதற்குப் பிறகு.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2,000 கலோரி தேவைப்படுபவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை அல்லது இறைச்சி வகை 85 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம் என்று வகுக்கிறது. இவையெல்லாம் சமைக்காத நிலையின் எடை. எடை குறைக்க வேண்டியவர், உட்கார்ந்த வேலையாக இருந்தால், தானியத்தை 150 முதல் 180 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து. காலையில் மூன்று இட்லி, மதியம் ஒரு கப் சோறு, இரவு இரண்டு சிறு தோசை அல்லது இரண்டு சப்பாத்தி என்றால் ஏறத்தாழ அந்த அளவு வந்துவிடும்.

இதைப் பட்டினி போலத் தோன்றாமல் செய்வதற்கு, பரிமாறும் வரிசையை மாற்றினால் போதும். முதலில் பொரியல், கூட்டு, சுண்டல் அல்லது முட்டையைச் சாப்பிட்டு முடியுங்கள், அதன் பிறகு ஒரே ஒரு முறை சோற்றைக் குழம்புடன் உண்ணுங்கள், ரசத்தைத் தம்ளரில் ஊற்றிக் குடியுங்கள், மோரையும் அப்படியே. காயும் புரதமும் முன்னால் போனால் அதே அளவு மாவுச்சத்துக்கும் சர்க்கரை ஏற்றம் குறைகிறது. அரிசியின் வகையும் ஓரளவு உதவும். சென்னையில் எடை கூடியவர்களை வைத்து நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், வெள்ளை அரிசிக்குப் பதிலாகப் பட்டை தீட்டாத அரிசியை உண்ட நாள்களில் சர்க்கரை ஏற்றம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அதனுடன் பயறு சேர்த்தபோது இன்னும் சற்றுக் குறைந்தது. கறுப்புக் கவுனியின் தவிட்டில் ஆந்தோசயனின் என்னும் நிறமி இருப்பது உண்மை. ஆனால் அதுவும் அரிசிதான் என்பதால், ஒரு கப் கணக்கில்தான் அதையும் சேர்க்க வேண்டும். கேழ்வரகு, கம்பு, வரகு ஆகியவற்றை முழுதாகவோ ரவையாகவோ சமைப்பது நல்லது. நைசாக அரைத்துக் கூழாகக் குடித்தால் அவையும் விரைவாகவே சர்க்கரையை ஏற்றும்.

குறைந்த சோற்றின் இடத்தைப் பயறு நிரப்பட்டும். கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, கொள்ளு, மொச்சை, பச்சைப்பயறு என்று நாளுக்கு ஒன்றாக மாற்றி, ஆளுக்கு ஒரு கைப்பிடி ஊறவைத்து வேகவைத்துச் சுண்டலாகத் தாளித்துக்கொள்ளலாம். பயற்றின் நார்ச்சத்தைப் பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து பியூட்டிரேட் என்னும் கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுவே முதன்மை எரிபொருள். குடல் சுவர் வலுவாக இருந்தால், பாக்டீரியாக்களின் மேலுறையிலிருந்து கசியும் நச்சு இரத்தத்தில் கலந்து அழற்சியைத் தூண்டுவது குறைகிறது. கொழுப்பு மிகுந்த உணவைத் தொடர்ந்து கொடுத்த எலிகளில் அந்த நச்சின் அளவு இரத்தத்தில் உயர்வதையும், அதன் விளைவாக எடையும், இன்சுலினுக்கு உடல் சரிவரப் பணியாத நிலையான இன்சுலின் எதிர்ப்பும் கூடுவதையும் 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

சர்க்கரையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளில் நான்கு முறை, இரண்டு தேக்கரண்டி சர்க்கரையுடன் தேநீரோ காபியோ குடிப்பவர் 30 கிராமுக்கு மேல் சர்க்கரையை உணவு என்று எண்ணாமலேயே உட்கொள்கிறார். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் தேனும் இந்தக் கணக்கில் சர்க்கரையே; அவற்றிலுள்ள தாதுக்கள் ஒரு தேக்கரண்டியில் பொருட்படுத்தத்தக்க அளவில் இல்லை.

எண்ணெயும் வறுவலும்

27 கிராம் எண்ணெய் என்பது ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி. எடை குறைப்பவருக்கு நான்கே போதும். வீட்டில் இதை அளப்பதற்கு எளிய வழி, மாதம் ஆளுக்கு அரை லிட்டரிலிருந்து அதிகபட்சம் முக்கால் லிட்டர் என்று கணக்கிட்டு வாங்கி, அதற்குள் சமையலை முடிப்பது. நல்லெண்ணெயையும் கடலை எண்ணெயையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். நல்லெண்ணெயில் உள்ள செசமின் முதலிய பொருள்கள் எண்ணெய் சிக்கு அடிக்காமல் காக்கின்றன. சூரியகாந்தி எண்ணெயிலுள்ள ஒமேகா-6 கொழுப்பு அமிலம் அழற்சியைக் கூட்டும் என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு, மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் போதிய சான்று கிடைக்கவில்லை. தேங்காய் எண்ணெய், நெய், பாமாயில் ஆகியவற்றின் பூரிதக் கொழுப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது.

உண்மையில் அஞ்ச வேண்டியது, மீண்டும் மீண்டும் காயவைத்த எண்ணெய்க்குத்தான். எண்ணெயைப் புகையும் சூட்டில் பலமுறை காய்ச்சும்போது அதன் கொழுப்பு அமிலங்கள் ஆக்சிஜனேற்றமடைந்து ஆல்டிஹைடுகளாகவும் முனைவுச் சேர்மங்களாகவும் உடைகின்றன. அதாவது ஆக்சிஜனேற்றம் அடுப்பிலேயே நடந்து, தட்டுக்கு வருகிறது. மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ளது. மாலையில் கடைக்குக் கடை கொதிக்கும் சட்டியிலுள்ள எண்ணெய் எத்தனையாவது முறை காய்கிறது என்பதை வாங்கி உண்பவர் அறிய வழியில்லை. ஆகவே பஜ்ஜி, போண்டா, வடை, சிப்ஸ் போன்றவற்றை ஆசைக்கு உண்ண வேண்டுமானால், மாதம் ஓரிரு முறை வீட்டில் புதிய எண்ணெயில், குறைந்த எண்ணெய் பிடிக்கும் சிறு சட்டியில் பொரித்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி, ஓரிரு நாளுக்குள் தாளிப்புக்குச் செலவழித்துவிடுங்கள். மறுபடி பொரிக்கப் பயன்படுத்த வேண்டாம்.

நிறங்களைக் கூட்டுவது

இப்போது ஆன்டிஆக்ஸிடன்டுகளுக்கு வருவோம். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கரோட்டினாய்டுகள் என்னும் நிறமிகள் ஆகியவை வீரிய மூலக்கூறுகளை நேரடியாக அடக்குகின்றன. வெங்காயம், கத்தரித் தோல், நாவல் பழம், தேநீர் போன்றவற்றிலுள்ள பாலிஃபீனால்கள் என்னும் தாவரச் சேர்மங்கள் செயல்படும் விதம் வேறு. அவற்றில் சிறு பகுதியே உறிஞ்சப்படுகிறது. அதையும் கல்லீரல் விரைவாக உருமாற்றிவிடுகிறது. ஆயினும் அவை செல்லை மெல்ல உசுப்பி, நாம் முன்பு பார்த்த சொந்த நொதிகளைக் கூடுதலாக உற்பத்தி செய்ய வைக்கின்றன என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். முருங்கைக்கீரையிலும் கடுகிலும் முட்டைக்கோசிலும் உள்ள கந்தகச் சேர்மங்களும் இவ்வாறே வேலை செய்கின்றன. சோதனைக் குழாயில் அளந்த ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் உடலுக்குள் நடப்பதைக் காட்டுவதில்லை என்பதால்தான், உணவுப் பொருள்களை அந்த எண்ணால் வரிசைப்படுத்திய தன் பட்டியலை அமெரிக்க வேளாண்மைத் துறை 2012-இல் திரும்பப் பெற்றது. ஆகவே ஒரு பழம் மற்றொன்றைவிடப் பத்து மடங்கு திறன் வாய்ந்தது என்று எழுதியிருந்தால், அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

இங்கே தேவைப்படுவது அளவும் தொடர்ச்சியும். ஆளுக்கு 400 கிராம் காய்கறி என்றால், நால்வர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு 1.6 கிலோ, வாரத்துக்கு 11 கிலோவுக்கு மேல். இரண்டு கரண்டிப் பொரியலும் சாம்பாரில் மிதக்கும் நான்கு முருங்கைக்காய்த் துண்டும் இந்தக் கணக்கை எட்டுவதில்லை. சந்தைக்குப் போகும்போதே இந்த எடையை மனத்தில் வைத்து வாங்கினால்தான் தட்டில் மாற்றம் தெரியும். செலவு கூடுமே என்ற கவலை நியாயமானது. பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் பூசணி, சுரை, பீர்க்கு, வாழைத்தண்டு, வாழைப்பூ, முள்ளங்கி, அவரை ஆகியவற்றை எடைக்காகவும், கேரட், தக்காளி, பீட்ரூட், கத்தரி, கீரை ஆகியவற்றை நிறத்துக்காகவும் கலந்து வாங்கினால் சமாளிக்கலாம். புரோக்கோலியும் புளுபெர்ரியும் இல்லாமலேயே இந்த உணவு முழுமையடையும்.

கீரை வாரத்தில் நான்கைந்து நாளாவது இருக்கட்டும். முருங்கை, அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி என்று மாற்றிக்கொள்ளுங்கள். கீரையின் பீட்டா கரோட்டினும் தக்காளியின் லைகோபீனும் கொழுப்பில் கரைபவை. வேகவைத்துச் சிறிது எண்ணெயில் தாளித்தால் நன்கு உறிஞ்சப்படும். வைட்டமின் சி இதற்கு மாறானது: அது நீரில் கரைந்து வெளியேறும், சூட்டில் அழியும். எனவே காயை நறுக்குவதற்கு முன் கழுவுங்கள், வேகவைத்த நீரைக் கொட்டாமல் ரசத்தில் சேருங்கள், எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள். பச்சையாக உண்ணும் ஒரு நெல்லிக்காயோ ஒரு கொய்யாவோ அன்றைய வைட்டமின் சி தேவையை நிறைவு செய்துவிடும். கொய்யாவைச் சாறாக்க வேண்டாம். சாறு எடுத்தால் நார்ச்சத்து போய் இனிப்பு மட்டும் விரைவாக உள்ளே செல்லும்.

பருமனான பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு கூடுதலாகக் காணப்படுவதற்கும் இந்த அழற்சியே ஒரு காரணம் என்பதைப் பலர் அறிவதில்லை. இன்டர்லூகின்-6 உயர்ந்தால், கல்லீரல் ஹெப்சிடின் என்னும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது குடலில் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. கீரையும் பயறும் உண்ணும் வேளையில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டு, தேநீரையும் காபியையும் உணவிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிவைத்தால் உறிஞ்சல் மேம்படும்.

உடலின் சொந்த நொதிகளுக்குத் துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு, செலினியம் ஆகிய தாதுக்கள் வேண்டும். எள், வேர்க்கடலை, பயறு வகை, முட்டை, மீன் ஆகியவற்றைச் சுழற்சியில் வைத்தால் இவை கிடைத்துவிடும். மீன் உண்பவர்கள் வாரம் இரண்டு நாள் மத்தியோ அயிலையோ நெத்திலியோ குழம்பு வைத்து உண்ணலாம். வறுத்தால் அதன் பயனைப் பாதி கெடுத்துக்கொள்கிறோம். இந்த மீன்களிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களிலிருந்துதான், அழற்சியை முடித்துவைக்கும் ரிசால்வின் என்னும் மூலக்கூறுகளை உடல் தயாரிக்கிறது. சைவ உணவினர் ஆளி விதையை வறுத்துப் பொடித்து இட்லிப் பொடியுடன் கலந்துகொள்ளலாம். அதிலுள்ள ஒமேகா-3 மீனிலுள்ள வடிவத்துக்குச் சிறிதளவே மாறும் என்றாலும் அதற்கும் பயன் உண்டு.

மாத்திரைகளை ஏன் தவிர்க்க வேண்டும்?

ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களுக்குப் பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ மாத்திரைகளைக் கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவு 1994-இல் வெளியானது. பீட்டா கரோட்டின் பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாக 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த மற்றோர் ஆய்வு இதே காரணத்தால் 1996-இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. வைட்டமின் ஈ மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உட்கொண்ட ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011-இல் மற்றோர் ஆய்வு தெரிவித்தது. பருமன் உள்ளவர்கள் குறிப்பாக அறிய வேண்டியது, ஜெர்மனியில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு: நாள்தோறும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் ஈ-யும் உட்கொண்டபடி உடற்பயிற்சி செய்த இளைஞர்களிடம், பயிற்சியால் இன்சுலின் செயல்திறனில் வர வேண்டிய முன்னேற்றம் வரவில்லை, மாத்திரை இல்லாமல் பயிற்சி செய்தவர்களிடம் வந்தது. உழைக்கும் தசையில் எழும் சிறிதளவு ஆக்சிஜனேற்றம்தான் உடலின் தற்காப்பைத் தூண்டும் செய்தி; மாத்திரை அந்தச் செய்தியையே அணைத்துவிடுகிறது.

மஞ்சளைப் பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும். மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம். அரைத் தேக்கரண்டித் தூளில் 50 மில்லிகிராமுக்கும் குறைவு. ஆய்வுகளில் கொடுக்கப்படுவதோ பெரும்பாலும் 500 மில்லிகிராமுக்கு மேல். சமையலில் சேரும் மஞ்சளும் மிளகும் நல்ல உணவின் பகுதி; அவற்றால் தீங்கில்லை. ஆனால் உறிஞ்சலைக் கூட்டுவதற்காக மிளகுச் சாறு சேர்த்துச் செறிவூட்டிய குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். கல்லீரலில் ஏற்கெனவே கொழுப்பு படிந்தவர் இந்த மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

உணவுடன் சேர வேண்டியவை

ஒவ்வொரு வேளை உண்ட பின்னும் 10 முதல் 15 நிமிடம் நடந்தால், ஏறும் சர்க்கரையைத் தசை இழுத்துக்கொள்ளும். வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சி செய்யுங்கள். இல்லாவிட்டால் எடை குறையும்போது கொழுப்புடன் தசையும் கரைந்துவிடும். தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகையிலையை எந்த வடிவத்திலும் வைத்துக்கொண்டு ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் குறைப்பது நடவாத காரியம்.

பலனை அளப்பது

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காலையில் இடுப்பை அளந்து எழுதிவையுங்கள். தொடக்க எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே, அதாவது 80 கிலோ உள்ளவருக்கு 4 முதல் 8 கிலோ குறைந்தாலே, ட்ரைகிளிசரைடும் சர்க்கரையும் சி.ஆர்.பி.யும் இறங்குவதைப் பெரும்பாலானவர்களிடம் காணலாம். இதற்கு மாதங்கள் பிடிக்கும். வாரம் அரைக் கிலோவுக்கு மேல் குறைக்க அவசரப்பட வேண்டாம். மூன்று மாதம் கழித்து, முதலில் செய்த அதே ஆய்வகத்தில் அதே சோதனைகளைத் திரும்பச் செய்யுங்கள், ஹெச்.பி.ஏ.1சி. மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது என்பதால் அதற்கு முன் பார்ப்பதில் பொருளில்லை. இடுப்பும் எடையும் நன்கு குறைந்த பிறகும் சி.ஆர்.பி. 3-க்கு மேலேயே நின்றால், உணவை மேலும் கடுமையாக்க வேண்டாம். ஈறு நோய், மூட்டு வாதம், நாள்பட்ட தொற்று போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று பல் மருத்துவரிடமும் பொது மருத்துவரிடமும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அவற்றுக்குத் தனியான மருத்துவம் தேவைப்படும்.